பீரோ வேண்டாம், பஸ் கட்டணம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில், கணிதப் பேராசிரியராக இருந்து முதலீட்டு நிதி நடத்திப் பெரும் பணக்காரரான அமெரிக்கர் ஜிம் சைமன்ஸ் பற்றி வந்த கட்டுரையை நான் கையில் எடுப்பதற்குள் எங்கள் தெரு படித்து முடித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு, தெருக்கோடியில் பட்டுப்புழு வளர்ப்பவர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, இந்த வெள்ளைக்காரர் கணக்குப் படித்தே மூவாயிரம் கோடி டாலர் சேர்த்தாராம். என் பையனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். பையன் ஒன்பதாம் வகுப்பு. பின்னக் கூட்டலிலேயே இன்னும் தகராறு.

கட்டுரையில் தவறு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அவர் சேர்த்ததும் கொடுத்ததும் கோடிக்கணக்கில் வந்திருக்கின்றன. தருமபுரி மாவட்டத்துக்குத் தேவைப்படுகிற பகுதி மட்டும் விடுபட்டிருக்கிறது. இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து 2019-இல் ஓய்வு பெற்றவள் நான். சைமன்ஸ் எனக்குப் புதியவர் அல்லர். பெங்களூருக்குப் படிக்கப் போன பழைய மாணவி ஒருத்தி, அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அவர் பெயரில் ஓர் ஆய்வு மையம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவர் யார் தெரியுமா டீச்சர்?" என்று போனில் கேட்டாள். தெரியாது என்றேன். டீச்சருக்கு ஒன்று தெரியவில்லை என்பதில் அவளுக்கு இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, அன்றைக்கே தேட ஆரம்பித்தேன்.

கட்டுரையில் இல்லாத ஒரு துடைப்பத்திலிருந்து தொடங்குகிறேன். பதினான்கு வயதில் சைமன்ஸ், கிறிஸ்துமஸ் சமயத்தில், தோட்டச் சாமான் விற்கும் கடையின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவருக்கு நினைவில் நிற்கவே இல்லை. கிடங்குக்கு இவன் ஆக மாட்டான் என்று துடைப்பத்தைக் கொடுத்துத் தரையைப் பெருக்கச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு அதில் பரம திருப்தி. பெருக்குவதற்குக் கை போதும், தலை சும்மா இருக்கும், யோசித்துக்கொண்டே பெருக்கலாம். மேற்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று முதலாளிகள் கேட்டபோது, அமெரிக்காவின் பெயர்பெற்ற எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போகிறேன் என்றாராம். சிரித்தார்கள். எம்.ஐ.டி.யில் பட்டம், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1961-இல், 23 வயதில், முனைவர் பட்டம் என்று பையன் போய்க்கொண்டே இருந்தான்.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1990களில் பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். எங்கள் பகுதித் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால் பல்லெல்லாம் பழுப்புக் கறை. அதனால் எப்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவான். வாய்ப்பாடு அவனுக்கு வராது. ஏழெட்டு எவ்வளவு என்றால் விழிப்பான். ஒருநாள், "ஏழேழு நாற்பத்தொன்பது டீச்சர், அதோடு ஒரு ஏழு போட்டால் ஐம்பத்தாறு" என்று கைக்குள்ளேயே முணுமுணுத்தான். மனப்பாடம் செய்யாமல் வந்துவிட்டு கதையா சொல்கிறாய் என்று அவனை வெளியே நிற்கவைத்தேன். அவன் சொன்னதுதான் கணக்கு. நான் கேட்டது வெறும் ஒப்பித்தல். பத்தாம் வகுப்புக்கு முன்பே பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டான். எம்.ஐ.டி.க்குப் போயிருப்பான் என்று சொல்ல மாட்டேன். பாலிடெக்னிக்குக்காவது போயிருப்பான்.

அடுத்தது, தங்கள் வாசகர் கடிதப் பகுதிக்கே உரிய விஷயம். ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தால் வேலை போனவர் சைமன்ஸ். 1964-இல் பிரின்ஸ்டனில், அமெரிக்க அரசுக்காக ரகசியக் குறியீடுகளை உடைக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். நல்ல சம்பளம், பாதி நேரம் சொந்த ஆராய்ச்சிக்கு. அந்த நிறுவனத்தின் தலைவர் மாக்ஸ்வெல் டெய்லர் ஓய்வு பெற்ற ராணுவத் தளபதி. வியட்நாம் போரை ஆதரித்து அவர் 1967-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். இங்கே வேலை செய்கிற எல்லோரும் அவர் கருத்துக்காரர்கள் அல்லர் என்று சைமன்ஸ் பதில் எழுதினார், வெளியானது. பின்னர் ஒரு பத்திரிகை நிருபரிடமும் மனதில் பட்டதைச் சொல்லப்போக, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மூன்று சிறு குழந்தைகள். 1968-இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் அவரைக் கணிதத் துறைத் தலைவராக அழைத்துக்கொண்டது.

பணியில் இருந்தவரை நான் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதியதில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் என்று சொல்லிக்கொள்வேன். விதி பாதி, பயம் பாதி. எழுதிவைத்து அனுப்பாத கடிதங்கள் இன்னும் பழைய டைரிக்குள் மடிந்து கிடக்கின்றன.

அவருடைய கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது வடிவியல். எஸ். எஸ். செர்ன் என்ற பெரிய கணித மேதையோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு, பின்னாளில் இயற்பியலாளர்களுக்குப் பெரிய கருவியானது. எழுதும்போது இயற்பியலுக்கு ஆகும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. 1976-இல் வடிவியலுக்கான வெப்லன் பரிசு கிடைத்தது. எதற்கு இது பயன்படும் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்கிற பெற்றோர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

இனிப் பணம். 1978-இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து வியாபாரம் தொடங்கினார். 1982-இல் ரினைசான்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம்; 1988-இல் மெடாலியன் என்ற நிதி. ஹெட்ஜ் ஃபண்ட் என்று நீங்கள் எழுதியிருப்பது, பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் வாங்கி, விலை ஏறினாலும் இறங்கினாலும் லாபம் பார்க்க முயலும் முதலீட்டு நிதி. பங்குச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களை அவர் தேடவில்லை. கணிதம், இயற்பியல், வானியல் படித்தவர்களையும், ஐ.பி.எம். நிறுவனத்தில் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையில் இருந்தவர்களையும் எடுத்தார்.

அவர்கள் செய்தது என்ன என்று பட்டுப்புழுக்காரருக்கு எங்கள் பாலக்கோடு தக்காளி மண்டியை வைத்து விளக்கினேன். நாளைக்குப் பெட்டி விலை ஏறுமா இறங்குமா என்று தினமும் நூறு ரூபாய் பந்தயம் கட்டுகிறீர்கள். நூறு நாளில் ஐம்பது நாள் சரி, ஐம்பது நாள் தப்பு என்றால் கைக்காசு அப்படியே இருக்கும். ஐம்பத்தொரு நாள் சரியாகச் சொன்னால்? 5,100 வருகிறது, 4,900 போகிறது, மிச்சம் 200. "இருநூறு ரூபாய்க்கா இவ்வளவு பாடு?" என்றார். அதையே கணினியை வைத்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பொருள்களில் செய்தால்? அவர் பேசவில்லை. பழைய விலைப்பட்டியல்களைத் தேடித் திரட்டி, அதில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு நாளைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் தொழில். ஆருடம் எதுவும் கிடையாது.

1988 முதல் 2018 வரை அந்த நிதி ஆண்டுக்குச் சராசரியாக 66 சதவீதம் ஈட்டியதாகவும், கட்டணங்கள் போக முதலீட்டாளர் கையில் 39 சதவீதம் நின்றதாகவும் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய் 31 ஆண்டுகளில் 27 லட்சத்தைத் தாண்டுகிறது. நடப்பில் யாருக்கும் இப்படிப் பெருகியிருக்க வாய்ப்பில்லை. நிதி அளவு மீறிப் பெருத்தால் இந்த வித்தை பலிக்காது என்று லாபத்தை அவ்வப்போது பிரித்துக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இங்கேதான் தங்கள் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். உண்மையிலேயே 39 சதவீதம் கொடுத்த அந்த நிதி, 1993-இல் புது ஆட்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பிறகு, ஏற்கெனவே உள்ளே இருந்த வெளியாட்களின் பணத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஊழியர்கள் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டது. வெளியாட்களுக்கென்று தனியாக நடத்திய நிதிகள் 2020-இல் பெருத்த நஷ்டம் கண்டன. அதே ஆண்டில் உள்வீட்டு மெடாலியன் கொழுத்தது. எங்கள் ஊரில் 1990களில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்று சொன்ன நிதி நிறுவனத்துக்காரர், வீடு வீடாக வந்து திண்ணையில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுவிட்டு அழைத்தார். ஆண்டுக்கு 36 சதவீதம். சேமநல நிதியில் கடன் எடுத்து 25,000 ரூபாய் போட்டேன். ஒரு திங்கட்கிழமை ஷட்டர் இறங்கியிருந்தது, திரும்ப ஏறவில்லை. கூட்டுவட்டியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதே சாயங்காலம் போய்ப் பணம் கட்டியவள் நான். நல்ல நிதி வெளியாளை வராதே என்றது. மோசமான நிதி வீடு தேடி வந்தது. பட்டுப்புழுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கணக்கு இதுதான் என்று நினைத்துச் சொன்னேன். போன வருடம் அவரும் எதிலோ போட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கொடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வரியைப் பற்றிப் பேச வேண்டும். தங்கள் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது. குறுகிய கால லாபத்தை நீண்ட கால லாபம்போலக் காட்டி, குறைந்த விகிதத்தில் வரி கட்டினார்கள் என்று 2014-இல் அமெரிக்க செனட் குழு ஒன்று ரினைசான்ஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரித்தது. 2021-இல் வரித்துறையோடு சமரசம் ஆனது. வட்டியும் அபராதமும் சேர்த்து 700 கோடி டாலர் வரை போகலாம் என்று செய்திகள் வந்தன. ஆசிரியர் வீடுகளில் பிப்ரவரி மாதம் எப்படி இருக்கும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். வருமான வரிப் பிடித்தம் போக அந்த மாதச் சம்பளம் மளிகைக் கடைக்குக்கூடக் காணாது. எங்களிடம் யாரும் சமரசம் பேசியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பல்கலைக்கழகங்களில் இருந்த நல்ல கணித மூளைகளைப் பணத்தைக் காட்டிக் கூட்டிக்கொண்டுபோய் விலைப்பட்டியலுக்கு முன்னால் உட்காரவைத்தவரும் அவர்தான். பிறகு கணிதம் வளர வேண்டும் என்று பல்கலைக்கழகங்களுக்கு வாரிக் கொடுத்தவரும் அவர்தான். ஏரியைத் திறந்து வடித்துவிட்டுக் கரையில் தண்ணீர்ப்பந்தல் வைத்ததுபோல இருக்கிறது. ஆனால் பந்தலில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1994-இல் மனைவி மாரிலினோடு சேர்ந்து சைமன்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடிப்படை அறிவியல், கணிதம், ஆட்டிசம் ஆராய்ச்சி என்று பணம் போனது. தன்னை ஏற்றுக்கொண்ட ஸ்டோனி புரூக்குக்கு 2023-இல் மட்டும் 50 கோடி டாலர். நேபாளத்தில் வேலை செய்துவிட்டு வந்த அவருடைய மகன் நிக், 2003-இல் பாலித் தீவில் கடலில் மூழ்கி இறந்தார். அவர் நினைவாக நேபாளத்தில் கிராமப்புற மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனத்தை அமைத்தார்கள். மகனுக்குச் சிலை வைக்கவில்லை. வத்தல்மலையில் பிரசவ வலி எடுத்தால் என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு, மலைக் கிராமத்துக்குப் போகத் தயாராக இருக்கும் ஒரு பயிற்சி பெற்ற கை எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அவர் 2004-இல் தொடங்கிய 'மேத் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்புக்காக. கணக்கு நன்றாகத் தெரிந்தவருக்கு வெளியே பல மடங்கு சம்பளம் கிடைக்கும்போது வகுப்பறையில் யார் நிற்பார் என்ற கேள்வி அவருக்கு வந்தது. ஆளைப் பிடித்து இழுத்தவருக்குத்தானே அது தெரியும்! நியூயார்க் அரசுப் பள்ளிகளில் தேறிய கணித, அறிவியல் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, நான்கு ஆண்டுகளுக்கு, சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுக்கிறார்கள். வகுப்பறையை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மாலை நேரங்களில் அவர்களே ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொள்கிறார்கள். மேலிருந்து யாரோ வந்து ஸ்லைடு போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் பயிற்சி வகுப்பு அல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆசிரியர்கள் இதில் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் கொடை என்று பேச்சை எடுத்தால் அதியமானும் அவ்வையும் நெல்லிக்கனியும் வராமல் போக மாட்டார்கள். தகடூர்க்காரர்கள் அல்லவா! பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் அந்தக் கனியை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். ஆனால் அந்த 91-ஆம் புறநானூற்றுப் பாட்டில் அவ்வை எதை மெச்சுகிறாள்? கனியின் அருமையைச் சொல்லாமல் உனக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தாயே என்பதைத்தான். சொல்லிக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டாள்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு இரும்பு பீரோ, நான்கு மின்விசிறி, அறுபது ஜியோமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். நல்ல மனிதர். பீரோக் கதவில் அவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், மூன்றும் சிவப்புப் பெயிண்டில். மின்விசிறி ஓடினால் இறக்கையில் உள்ள பெயர் தெரியாது என்று, அதை நிறுத்திவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சித்திரை வெயிலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஜியோமெட்ரி பாக்ஸ்கள் பீரோவுக்குள் போயின. பிள்ளைகளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், தணிக்கைக்கு யார் பதில் சொல்வது என்று சாவி பத்திரமாக இருந்தது. ஓய்வு பெறும் மாதத்தில் இருப்புப் பதிவேட்டோடு சரிபார்க்கத் திறந்தேன். பிளாஸ்டிக் உறை பிரியாமல் அறுபதும் இருந்தன. உள்ளே கவராயத்தின் முள் துருப்பிடித்து, திருகினால் திரும்பவில்லை. அதே ஆண்டில் அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு அரைப் பரீட்சை வரை கணக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2011-இல் நாங்கள் ஐந்து கணக்கு ஆசிரியர்கள், இரண்டாவது சனிக்கிழமைகளில் பாலக்கோட்டில் ஒரு பள்ளி அறையில் கூட ஆரம்பித்தோம். யாரும் சொல்லி அல்ல. அரூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி வருவார். மைனஸை மைனசால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்ற கேள்வி ஒருநாள் வந்தது. 25 ஆண்டுகளாக, விதி அப்படி, எழுதிக்கொள் என்று சொல்லிவந்தவள் நான். அந்தத் தம்பி சட்டைப் பையிலிருந்து மூன்று பஸ் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இது மூன்றும் மண்டியில் நான் எழுதிக்கொடுத்த கடன் சீட்டு, ஒவ்வொன்றும் இருநூறு ரூபாய். மண்டிக்காரர் மனமிரங்கி மூன்றையும் கிழித்துப் போடுகிறார்" என்று டக்கென்று கிழித்தார். "இப்போது எனக்கு எவ்வளவு லாபம் அக்கா?" அறுநூறு. கடன் என்பது ஒரு மைனஸ், அதை எடுத்துப் போடுவது இன்னொரு மைனஸ். கிழிந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் ஏழாம் வகுப்பில் காகிதம் கிழித்த சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும்.

பதினான்கு மாதம் நடந்தது, நின்றுவிட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. பஸ் செலவு, சனிக்கிழமையும் வீட்டில் இல்லையா என்ற கேள்வி, இரண்டு பேருக்கு மாற்றல். இன்று டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பீர்கள். அரூரிலிருந்து பாலக்கோட்டுக்கு டவுன் பஸ் இல்லையே.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படித்துவிட்டு ஓசூரிலும் பெங்களூரிலும் நன்றாக இருப்பவர்கள் தங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என்னிடமே பலர் கேட்கிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்காமலேயே பீரோ வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கு. இருபது ஆசிரியர்கள், ஆளுக்குப் போகவர பஸ் கட்டணம் சராசரி 80 ரூபாய், டீயும் சுண்டலும் 30 ரூபாய்: 2,200. நகல் எடுக்க, சாக்பீஸ், காகிதம் 300. மாதம் 2,500. தேர்வு மாதங்களைக் கழித்துவிட்டால் ஆண்டுக்குப் பத்துக் கூட்டம், 25,000 ரூபாய். அந்த நிதி நிறுவனத்தில் நான் தொலைத்த அதே தொகை. கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். இடத்துக்குப் பணம் வேண்டாம், என் வீட்டு மாடியில் கரும்பலகை அடித்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதிக்கொள்ளக் கதவு எதுவும் இருக்காது. ஒருவர் ஏற்றுக்கொண்டால் ஓராண்டு நடத்துகிறேன். மாதாமாதம் செலவுக் கணக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் எழுதி அனுப்புகிறேன். முதல் ஆண்டு முழுவதும் பின்னம் மட்டும்தான். பட்டுப்புழுக்காரர் மகனை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம் என்று அவரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டியிருந்தால் மெடாலியன் கணக்கை வெட்டிக்கொள்ளுங்கள். முந்தைய பத்தியை வெட்டாதீர்கள். முகவரி தங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தனியாக இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.